பூவாயியின் நாற்காலி

பேரவைத் தலைவராகத் தேர்வான பூவாயியை ஒரு பக்கம் முதலமைச்சரும் மறுபக்கம் எதிர்க்கட்சித் தலைவரும் கைபிடித்து அழைத்துப் போனார்கள். வருடக்கணக்காக முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாத அந்த இருவரும் மரபுக்காக இன்று சேர்ந்து நடந்தார்கள். படியேற்றி அவளை உட்கார வைத்தார்கள். ஆளையே விழுங்கிவிடும் நாற்காலி. கால் தரைக்கு எட்டவில்லை. ஊராட்சித் தலைவராக இருந்த ஐந்து வருடமும் கூட்டத்தில் அவளுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. மேசையோரம் நின்றுகொண்டேதான் கையெழுத்துப் போட்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள். அவை முழுக்க எழுந்து நின்றது. மந்திரிகள், முன்னாள் மந்திரிகள், மேலே மாடத்தில் அதிகாரிகள். யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறதென்று, பழைய பழக்கத்தில் அவளும் பதறி எழப் போனாள். முதலமைச்சர் குனிந்து காதோரம் சொன்னார்: “அம்மா, உங்களுக்காகத்தான் நிக்கிறோம். நீங்க சொன்னாத்தான் நாங்க உட்காரணும்.”

பூவாயி மைக்கை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் நில்லுங்கய்யா,” என்றாள். “ஒருதரம் பாத்துக்கிறேன்.”