பயம் நீங்கியவன்

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த செல்வின், மாதாமாதம் மேம்பாட்டு நிலையத்துக்குப் போய்த் தன் மனதிலிருந்து ஒரு குறையை எடுத்துவிட்டு வருவான். முதலில் சோம்பல் போனது, பிறகு கோபம். அலுவலகமே அவனை மெச்சியது. மனைவி ஜெனோவாவுக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. குறையோடு சேர்ந்து வேறென்ன போகிறதோ என்று அவனை ஓரக்கண்ணால் கவனித்து வந்தாள்.

பயத்தை எடுத்துவிட்டு வந்த அன்று அவன் பால்கனியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த ஜெனோவாவுக்கு உயிரே போய்விட்டது. நான்கு வயது மகள் ரீனு, எட்டாவது மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்றாள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் அவன் இருந்தான்.

ஜெனோவா பாய்ந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள்.

"பிள்ள ஏறுனத நீங்க பாக்கலயா?"

"பாத்தேனே."

"பொறவு ஏன் பிடிக்கல?"

செல்வின் உண்மையாகவே யோசித்தான். "பிடிக்கணும்னு தோணல. நீ ஏன் இப்படி நடுங்குற? அடுத்த மாசம் உனக்கும் எடுத்துருவோம். பேரு குடுத்துட்டேன்."

அன்று மாலையே ரீனுவை இடுக்கிக்கொண்டு ஜெனோவா தன் அம்மா வீட்டுக்குப் பேருந்து ஏறினாள். ஊர் போய்ச் சேரும் வரை நடுக்கம் நிற்கவில்லை. நிற்கவே வேண்டாம் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டாள்.