மேடையில் கொடுத்த வாக்கு

கதவைத் திறந்த ஹார்லனுக்கு ரத்தம் கொதித்தது. வாசலில் ஷெரிஃப் கர்ட், சீருடை இல்லாமல் கறுப்புக் கோட்டில் நின்றான். கையில் நீதிமன்ற உத்தரவு.

“உன் துப்பாக்கியை எல்லாம் எடுத்துட்டுப் போக வந்திருக்கேன். நீ உன்னையே ஏதாவது பண்ணிக்குவியோன்னு உன் பொண்டாட்டி மனு குடுத்திருக்கா.”

சமையலறையில் லோரெட்டா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“அவளை விடு. நீ எப்படிடா வரலாம்? ‘இந்தக் கொலராடோல எவன் சட்டம் போட்டாலும் ஒருத்தன் துப்பாக்கியையும் தொடமாட்டேன்’னு தேர்தல் மேடையில சத்தியம் பண்ணியே! அதை நம்பித்தானே நீ ஷெரிஃப் ஆகணும்னு வீடு வீடா ஏறி ஓட்டுக் கேட்டேன்?”

“ஆமா.”

“ஈராக்குல எரியுற வண்டிக்குள்ள இருந்து உன்னை இழுத்துப் போட்டேனே, அதுக்குக் கைமாறாடா இது?”

“ஆமாடா.”

“துரோகி! யூனிஃபார்ம் போட்டுட்டு வர வெக்கமா இருந்துச்சோ? நம்மகூடப் பட்டாளத்துல இருந்த டஸ்டின்கிட்ட இப்படிப் போய் நின்னுடுவியா நீ?”

கர்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

“போன வாரம் டஸ்டின் பொண்டாட்டியும் இதே மாதிரி உத்தரவோட வந்து கெஞ்சினா. மேடையில சொன்னது சொன்னதுதான்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

“பார்த்தியா! அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

“நீதான் யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கறதில்லையே, உனக்கு எப்படித் தெரியும்? அவனை அடக்கம் பண்ணிட்டு நேரா இங்கதான் வர்றேன். துப்பாக்கி அலமாரிச் சாவியைக் குடுடா.”