ஜாடியில் முப்பது நிமிடம்

சென்னியம்மாள் கழிவுநீர்த் தொட்டியில் மொண்ட பழுப்புத் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஒரு லிட்டர் கோடு வரை ஊற்றிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

முப்பது நிமிடம். அதற்குள் கசடு முந்நூறு மில்லி கோட்டுக்குக் கீழே இறங்கினால் தொட்டி நன்றாக இருக்கிறது. இறங்காவிட்டால் அடியில் சேர்ந்து அழுகும். பிறகு யாராவது உள்ளே இறங்கித்தான் வார வேண்டும்.

தீபாவளிக்கு மறுநாள் காலை. மில் ஹாஸ்டலில் ஒரு பெண்கூட இல்லை, எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள்.

ஹாஸ்டல் காலியானால் கழிவுநீர் வராது. அதைத் தின்று உயிர் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுக்குப் பட்டினி. அதனால் லீவு நாட்களில் சென்னியம்மாள் வெல்லம் கரைத்து ஊற்றுவாள். கூடக் கொடுத்தால் பெருகிக் கசடாகும், குறைத்தால் செத்துக் கசடாகும் என்பாள். காற்று ஊதும் மோட்டாரை ஒரு மணி நேரம்கூட நிறுத்த விடமாட்டாள்.

நேற்றுப் புதுப்புடவையோடு வந்து ஊற்றிவிட்டுப் போனாளாம். பூச்சிகளுக்குப் படைத்துவிட்டுத்தான் அவள் வீட்டில் பலகாரம் என்று கேலி செய்வேன்.

ஆனால் நாலு வருஷத்தில் எங்கள் கசடு பாதியாகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர்கள் வந்து பார்க்கிறார்கள். பாராட்டெல்லாம் மேனேஜரான எனக்கு. வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்கிறேன்.

நானூற்றைம்பது. நானூறு.

அவள் உட்காரவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முந்நூற்றைம்பதில் கசடு அப்படியே நின்றதுபோல இருந்தது. நானும் குனிந்து பார்த்தேன்.

முப்பதாவது நிமிடத்தில் இருநூற்று எண்பது.

"யாரும் எறங்க வேண்டியதில்லீங்க சார்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கூட்டுக்காரரு மாதிரி, யாரும் சொல்லாமயே தானா எறங்கிப்போட்டு... வெவரங்கெட்ட மனுசனுங்க."

அவள் வீட்டுக்காரர் அப்புசாமி நாலு வருஷத்துக்கு முந்தைய தீபாவளி லீவில் இந்தத் தொட்டியில்தான் விஷவாயு தாக்கிச் செத்தார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு இந்த வேலை.

நோட்டை நீட்டினாள். 280 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புசாமி தானாகவே இறங்கினார் என்ற அறிக்கையில் இருப்பதும் இதே கையெழுத்துதான். அதை நம்பித்தான் நாலு வருஷமாகச் செத்த மனுஷனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாய் வரை வரும். எனக்குத் தைரியம் இல்லை.

அந்தத் தீபாவளிக்கு, ஆளில்லாத ஹாஸ்டலுக்கு எதற்குக் கரண்ட் என்று மோட்டாரை நிறுத்தச் சொன்னது நான். நாலு நாளில் உள்ளே எல்லாம் செத்து அழுகிக் குழாய் அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்ததும் அப்புசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நாளைக்குப் பார்க்கலாமா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

நான் மரியாதையாகத்தான் சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, ரெண்டே நிமிசந்தானுங்க. எறங்கிப் பாத்துப்போட்டு வந்துருங்க."