சி வகுப்புக் கோப்பை

ரேமண்டைப் போல ஒரு சிநேகிதன் வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் குகதாசன் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

இருவரும் ஒரே துப்பாக்கி சுடும் கழகம். அங்கே புள்ளி கூடக்கூட வகுப்பு ஏறும். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கோப்பை. மூன்று வருடமாக சி வகுப்புக் கோப்பை குகதாசனுக்குத்தான். ஒவ்வொரு முறையும் மேடையில் பக்கத்தில் நின்று கட்டிப்பிடிப்பவர் ரேமண்ட்.

"எத்தனை நாளைக்கு சி-யிலயே இருப்பீங்க? பி-க்கு ஏறுங்க குகா!"

ஞாயிறு தவறாமல் ரேமண்ட் அவரைக் காரில் ஏற்றிப்போனார்; மணிக்கூடு பிடித்து அவர் வேகத்தைத் திருத்தினார். ஜூனில் குகதாசன் பி-க்கு ஏறினார். ஏறியவர் சும்மா நிற்க, துள்ளிக் குதித்தது ரேமண்ட்தான்.

ஆவணியில் பிள்ளையார் தேர் வீதிக்கு வந்தது. குவித்த தேங்காய்களுக்கு முன்னால் வேட்டியும் வெறும் மேலுமாக நின்றவரின் கழுத்தில் சிலுவைச் சங்கிலி!

"என்ன ரேமண்ட், நீங்கள் வேதக்காரர் எல்லே? இஞ்சை தேங்காய் உடைக்கிறியள்?"

"வேண்டுதல் குகா. நீங்க பி-க்கு ஏறினா நூத்தெட்டு உடைக்கிறேன்னு."

குகதாசனுக்குக் கண் கலங்கியது. "கூடப் பிறந்ததுகள்கூட எனக்கு இப்பிடி நேர்ந்ததில்லை."

"அவங்க மூணு வருஷமா சி-யில உங்களுக்கு அடுத்து ரெண்டாவதா நின்னாங்களா? நான் நின்னேன். நேத்துதான் கோப்பை என் கைக்கு வந்துச்சு!"

நேற்றைய போட்டியில் பி வகுப்பில் குகதாசனுக்குக் கடைசி இடம். அவர் ஒரு தேங்காயை எடுத்துத் தேரை நோக்கித் தூக்கிப் பிடித்தார்.

"பிள்ளையாரே, இந்த மனுசனையும் கெதியா பி-க்கு ஏத்திவிடு. வாற வருசம் இருநூற்றுப் பதினாறு உடைக்கிறன்!"