கொக்குப் போதகருக்கு வெள்ளி விழா

குளத்தங்கரைப் பூனைகளின் சபைக்கு ஒரு கொக்குதான் போதகர். மீன்காரர் கூடையில் திருடக் கூடாது என்று அது ஞாயிறுதோறும் பிரசங்கித்தது. பூனைகள் கண்ணீர் மல்கக் கேட்டன, திங்கட்கிழமை திருடின. கொக்கோ மீனையே விட்டுவிட்டுப் புழு தின்று காலம் தள்ளியது.

அதன் ஊழியத்துக்கு வெள்ளி விழா வந்தது. பூனைகள் பொன்னாடை போர்த்தி, அசன விருந்துக்கு உட்காரவைத்து, இலை நிறையக் கெண்டை மீன் பரிமாறின. கொக்குக்கு நாக்கு ஊறியது.

"ஏது இந்த மீன்?"

"காணிக்கை ஐயா. வந்த வழியைக் கேட்கலாமா?" என்றது சபைச் செயலாளர் பூனை.

"திருடாதே என்று தொண்டை கிழியக் கத்தினேனே!"

"அருமையான பிரசங்கம்! அதுக்குத்தானே இந்த விருந்து? பிரசங்கம் வேறு, அசனம் வேறு. ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

தின்றால் இத்தனை வருஷப் பேச்சும் செத்துப்போகும். கொக்கு இலையைத் தள்ளிவிட்டு எழுந்து, அதே பிரசங்கத்தை ஆரம்பித்தது. பூனைகள் பக்தியாய்க் கண்ணை மூடிக்கொண்டு மென்றன. ஒரேயொரு கிழட்டுப் பூனை மட்டும் வாயிலிருந்த துண்டை இலையில் துப்பியது. பக்கத்துப் பூனை அதை எடுத்து விழுங்கிவிட்டு, "ஆமென்" என்றது.

"அடுத்த வாரம் என்ன தலைப்பு ஐயா?" என்று ஏப்பம் விட்டபடி கேட்டது செயலாளர்.

"இதேதான்" என்றது பசித்த கொக்கு.