முக்குக் கம்பத்து விளக்கு

தெருமுக்கில் இல்லாத விளக்கு, கம்ப்யூட்டரில் எரிந்துகொண்டிருந்தது.

'மனுதாரர் கோரிய இடத்தில் தெருவிளக்கு உள்ளது' என்றது திரை. மாரிசெல்வி கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு முறை படித்தாள். போன வாரம் இதே மனுவுக்கு 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்றுதான் பதில் இருந்தது.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். சிவகாசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. மக்கள் கொடுக்கும் மனுக்களுக்கு அதிகாரிகள் சொல்லும் பதிலை இப்போது இணையதளத்தில் போடுகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து, தன் மனுவை எட்டிப் பார்க்காத நாள் கிடையாது.

எல்லாம் அம்மா சண்முகத்தாய்க்காக. வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப்போக பட்டாசுக் கம்பெனி வேன் விடியுமுன்னே முக்குக்கு வந்துவிடும். அங்கே கரண்டுக் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. ஒருநாள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சைக்கிள் டியூப் ஒன்றைப் பாம்பென்று அடித்துக் கொன்றார்கள். அடுத்த மாதம் சண்முகத்தாய், டியூப்தானே என்று பாம்பை மிதித்தாள். அது பயந்து ஓடியதால் பிழைத்தாள். மறுநாளே மாரிசெல்வி மனு கொடுத்துவிட்டாள்.

பதில் மறுபடியும் மாறியது. 'விளக்கு பழுது.' பிறகு, 'சூறைக்காற்றில் சேதமடைந்தது.' மாற மாற அவள் ஒவ்வொன்றையும் அச்செடுத்து வைத்தாள்.

"கம்ப்யூட்டர்லயாவது எரிஞ்சுச்சுல்ல. அந்தப் பொட்டியத் தூக்கிட்டுப் போயி முக்குல வையி தாயி" என்றார் அப்பா.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படித்தவள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் புகார் கொடுத்தாள். முகத்துக்கு நேரே கேட்காமல் புகார் செய்துவிட்டோமே என்று ராத்திரியெல்லாம் மனசு உறுத்த, மறுநாள் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸுக்கும் போனாள்.

பதில்களைத் திருத்தியவர் எழுத்தர் தனுஷ்கோடி. அவள் நீட்டிய தாள்களை நிதானமாகப் படித்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"புது விளக்குக்கு சல்லிக்காசு ஒதுக்கலம்மா. பழுதானதை மாத்துறதுக்கு நிதி சும்மா கிடக்கு. இல்லாத விளக்கை எப்படி மாத்துறது? அதான் முதல்ல இருக்க வச்சேன். பெறகு கெடுத்தேன். வர்ற வாரம் மாத்திருவேன். வெளிய மூச்சு விட்றாதீக."

மாரிசெல்வி தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"நேத்தே விட்டுட்டேன் சார்."

அந்த வாரமே விசாரணை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்; தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். முக்கில் மொட்டைக் கம்பம் நின்றது. பக்கத்தில் தனுஷ்கோடி, அதைவிட வெளிறிப்போய்.

"புகார் கொடுத்தது யாரும்மா? நீங்களா? இந்தக் கம்பத்துல விளக்கு இருந்துச்சா, இல்லையா?"

மாரிசெல்வி தனுஷ்கோடியைப் பார்த்தாள். அம்மாவின் செருப்பில்லாத காலைப் பார்த்தாள். பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைக்கூட எட்டிப் பார்த்திராதவள்.

"இருந்துச்சு சார். நான்தான் சரியாப் பாக்கல."

"என்ன விளக்கு?"

"டியூப் லைட்டு" என்றாள் சண்முகத்தாய். அதே நேரத்தில், "குண்டு பல்பு" என்றாள் கூட வேலைக்குப் போகும் செல்லத்தாய்.

தனுஷ்கோடி கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"டியூப் லைட்டுன்னே எழுதிக்கிறேன். மாத்தும்போது அதையே போடுங்க, வெளிச்சம் நல்லா இருக்கும்."

ஜீப்பில் ஏறப்போனவர், தனுஷ்கோடியைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மாரிசெல்விக்கும் கேட்டது.

"எங்க தெரு முக்குலயும் விளக்கு கிடையாதுய்யா. அதை எப்பப் பழுதாக்கப் போறீரு?"