பள்ளத்துக்கு முன்னால்

பள்ளிக்கூட வண்டிகளை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்ட பிறகு, கதவு ஓட்டுநர் கையில் இல்லை. மேப்பில் குறித்த நிறுத்தத்தில் நின்றால்தான் அதுவாகத் திறக்கும். ஓட்டுநர் பக்கக் கதவையும் வெல்டு வைத்து அடைத்துவிட்டார்கள்.

அன்று நிறுத்தம் இருந்த இடத்தில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் சவரிமுத்து பள்ளத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தினார். உள்ளே கடைசிப் பிள்ளை மலர்க்கொடி. வெளியே அவள் அம்மா, கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு.

சவரிமுத்து கம்பெனிக்குப் போன் போட்டார்.

“பெத்தவ எதிர்லயே நிக்கிறா சார். தொறந்து விடுங்க.”

“இன்னும் முப்பதடி போங்கண்ணே.”

“பள்ளத்துக்குள்ளயா?”

“மேப்புல ரோடுதான் காட்டுது.”

கம்பெனிக்காரன் போனை வைத்துவிட்டான்.

“மாமா, நீங்க எறங்குற இடம் அந்த மேப்புல இருக்கா?” என்றாள் மலர்க்கொடி.

சவரிமுத்து கியரைப் பிடித்தபடி, பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அம்மாவிடம் சைகையில் கேட்டார். அவள் கண்ணாடியிலிருந்து கையை எடுத்துத் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.